இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்?

"எந்த டாக்டரம்மாகிட்ட காட்டுறீங்க?" கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்றால் வருகிற முதல் கேள்வி இதுதான். பதிலும் தயாராக இருக்கும். கைராசிக்காரங்க, நாத்தனாருக்கு அங்கதான் சுகப்பிரசவம் ஆச்சு, நல்லா சிரிச்சுப் பேசுவாங்க. இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒரு பெண்ணால் வலியைத் தாங்கிப் படுத்திருக்க முடியாது.

ஆனால் அந்த டாக்டரம்மா காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் பார்ப்பவராக இருக்கலாம். பனிக்குடம் இரவு இரண்டு மணிக்கும் உடையும். அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்தில் யார் விழித்திருப்பார்கள்? ரத்தம் எங்கிருந்து வரும்? மயக்க மருந்து கொடுப்பவர் எவ்வளவு நேரத்தில் வந்து சேருவார்? இவற்றுக்குக் கிடைக்கும் பதிலை வைத்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவர் யார் என்பது அதற்கு அடுத்தது.

மூன்று தாமதங்கள்

தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த செரீன் தடேயஸ், டெபோரா மெய்ன் இருவரும் 1994-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று தாமதங்களை அதில் பிரித்துக் காட்டினார்கள். மருத்துவமனைக்குப் போவதா என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேருவதில் ஒன்று, சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைப்பதில் ஒன்று.

நம் ஊரில் இவற்றைக் கண்ணால் பார்க்கலாம். "இது சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடிச்சுட்டு கொஞ்சம் படும்மா" என்று மாமியார் சொல்ல, இரண்டு மணி நேரம் கழிகிறது. கணவர் கேரளாவில் வேலையில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை, யாரைக் கேட்டுக் கிளம்புவது என்று இன்னொரு மணி நேரம். பிறகு வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வரை வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலை. சாலையே எட்டாத சிற்றூர் என்றால் தூளி கட்டித் தூக்கி வர வேண்டும். கடைசியாக, சேர்ந்த இடத்தில் "இங்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்ற சொல்.

இரண்டாவது தாமதத்துக்குத் தாய்மார்கள் பொறுப்பல்ல. வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சாலையும் மருத்துவமும் மிகவும் பிந்தித்தான் மலையேறின. 2024-ல் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலைமக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. சாலையும் மருத்துவ வசதியும் அங்கே பேசப்பட்டன. பேசப்பட்டது எல்லாம் முடியும்வரை பிரசவங்கள் காத்திருக்காது. முதல் தாமதத்தையும் மூன்றாவதையும் குடும்பம் முன்கூட்டியே பெருமளவு குறைத்துவிட முடியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேரில் போய்க் கேளுங்கள்

ஏழாம் மாதத்திலேயே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், முடிவெடுப்பவர் பல வீடுகளில் அவர்தான்.

24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் சாதாரண பிரசவத்தை நன்றாகவே பார்ப்பார்கள். சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு அதுவே பொருத்தமான இடம். ஆபரேஷன் பொதுவாக அங்கே கிடையாது. ஆபரேஷன், ரத்தம், பச்சிளங் குழந்தைக்கான தீவிர சிகிச்சை எல்லாம் ஒரே இடத்தில் இரவும் பகலும் கிடைப்பதைத்தான் 'சீமாங்க் சென்டர்' என்கிறார்கள். முன்பெல்லாம் சிக்கலான பிரசவம் என்றால் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஓட வேண்டியிருந்தது. 2022 ஜனவரி 12 அன்று சிறுவங்கூரில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் பிறகு மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பெரிய வாசல் இருக்கிறது.

தனியார் மருத்துவமனை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். ராத்திரியில் மகப்பேறு மருத்துவர் இங்கேயே தங்குவாரா, வீட்டிலிருந்து வருவாரா? மயக்க மருந்து மருத்துவர் உள்ளூரா? குழந்தை மூச்சு விடாவிட்டால் பார்க்கக் குழந்தை மருத்துவர் உண்டா? மேல்சிகிச்சை தேவைப்பட்டால் எங்கே அனுப்புவீர்கள், யார் கூட வருவார்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

ரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரசவம் நன்றாக முடிந்து, குழந்தை அழுது, எல்லோரும் சிரிக்கிற நேரத்தில்கூடக் கடும் ரத்தப்போக்கு தொடங்கலாம். அரை லிட்டருக்கு மேல் போனால் ஆபத்து. கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். கண் அளவில் பார்க்கும்போது ரத்தம் பெரும்பாலும் குறைவாகவே தெரியும். ஆப்பிரிக்காவில் கென்யா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது; 2023-ல் முடிவு வெளிவந்தது. தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்து ரத்தத்தை அளந்து, அளவு கூடியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரத் தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் கொடிய விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. ஆகவே "பிரசவத்துக்குப் பிறகு ரத்தத்தை அளக்கிறீர்களா, ரத்த வங்கி எவ்வளவு தூரம்?" என்று கேளுங்கள். தாயின் ரத்த வகையை எழுதி வைத்துக்கொள்வதோடு, ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு உறவினர்களையும் தயாராக வைத்திருங்கள். வகை நெகடிவ் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஊசி போட வேண்டும்.

ஆபரேஷனா, சுகப்பிரசவமா?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு சுமார் 45 பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் ஏறக்குறைய 64, அரசு மருத்துவமனைகளில் 36. தேவைப்படும்போது சிசேரியன் உயிர் காக்கும், அதைக் கண்டு பயந்து ஓடக் கூடாது. "ஏன் செய்கிறீர்கள்?" என்று கேட்டுத் தெளியும் உரிமை மட்டும் தாய்க்கு உண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஜோசியர் குறித்த நட்சத்திரத்துக்காகக் குழந்தையை 37, 38 வாரத்திலேயே எடுக்கச் சொல்லாதீர்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் ஆபரேஷனில் எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். நல்ல நேரத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டியில் கிடப்பதைப் பெற்றவர்கள் வாசலில் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

மலையிலிருந்து எப்போது இறங்குவது?

கீழே இருப்பவர்களுக்கு எந்த மருத்துவமனை என்பது கேள்வி. மலைமேல் இருப்பவர்களுக்கு எந்த நாள் என்பது கேள்வி. டாக்டர் குறித்த தேதியிலேயே பிரசவிக்கும் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். தேதியை நம்பி மலைமேல் காத்திருப்பது ஆபத்து.

ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டவர், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கியவர், இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், கர்ப்ப காலச் சர்க்கரை உள்ளவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகவோ குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை என்றோ ஸ்கேனில் தெரிந்தவர்கள், இவர்கள் எல்லாம் குறித்த தேதிக்கு ஓரிரு வாரம் முன்பே இறங்கிவிட வேண்டும். எத்தனை நாள் முன்பு என்பதை மருத்துவர் சொல்லட்டும். நஞ்சு கீழே உள்ளவர்கள் இன்னும் முன்னதாகவே வர வேண்டியிருக்கும். தங்க இடமில்லையே என்று தயங்க வேண்டாம். மலைவாழ் பெண்களுக்காகப் பிரசவக் காத்திருப்பு அறைகளை அரசு நடத்துகிறது, உங்கள் பகுதிக்கு அது எங்கே என்று கிராம சுகாதார செவிலியரிடமோ ஆஷா அக்காவிடமோ கேளுங்கள். கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்குப் போகும்போதே இந்தப் பேச்சை எடுத்துவிடலாம்.

சிக்கல் ஏதும் இல்லாதவர்களுக்கும் ஒரு திட்டம் வேண்டும். 108-க்கு அழைக்க உங்கள் சிற்றூரில் சிக்னல் எந்தப் பாறைமேல் கிடைக்கும்? இரவில் யாருடைய ஜீப் வரும்? பழைய குறிப்பேடுகளும் ஸ்கேன் சீட்டுகளும் ஒரே பையில் இருக்கட்டும். கணவர் வெளியூரில் இருந்தால், "வலி வந்தா என்னைக் கேட்க வேண்டாம், உடனே கிளம்புங்க" என்று இப்போதே வீட்டாரிடம் சொல்லி வைக்கட்டும். அந்த ஒரு வாக்கியம் முதல் தாமதத்தைப் பெருமளவு குறைத்துவிடும்.

அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் ஒரு பெண் துணையாக நிற்க அனுமதி உண்டு. பல பெண்களுக்கு இது தெரியவில்லை. மலையிலிருந்து வந்து, தெரியாத முகங்களுக்கு நடுவே படுத்திருக்கும் சின்னப் பெண்ணுக்கு அம்மாவின் கை எவ்வளவு பெரிய மருந்து!

வீடு திரும்பும் நாள்

வீடு திரும்பும் முன் ஒரு நினைவூட்டல்: அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரூ.18,000 மதிப்புள்ள உதவி உண்டு. அதற்கு முதல் மூன்று மாதத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்து, 'பிக்மி' என்னும் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும்.

சுகப்பிரசவம் ஆன மறுநாளே "வீட்டுக்குப் போறோம்" என்று நச்சரிக்கிறோம். 48 மணி நேரமாவது அங்கேயே இருங்கள். மலையேறிய பிறகு ரத்தப்போக்கு வந்தாலும், கடும் தலைவலியோடு கண் மங்கினாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் திரும்ப இறங்குவதற்குள் பாதி நேரம் போய்விடும். புறப்படும் நாளில் 102 தாய் சேய் வாகனம் இலவசமாகக் கொண்டுபோய் விடும். அதில் ஏறும் முன்பே ஊருக்குப் பேசி, சாலை முடியும் இடத்தில் தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போக யார் நிற்பார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.