பழைய கேலிச்சித்திரம் விலைக்கு வருது... முதலீடா, ஆசையா?



ராயப்பேட்டை மணிக்கூண்டை பைக்ல தினமும் தாண்டிப் போறவங்க நம்மில் நிறைய பேர். 1930-களில் கட்டின அந்தக் கூண்டு 'ஆர்ட் டெகோ' பாணி. 1925-ல் பாரிஸில் நடந்த ஒரு கண்காட்சியில இருந்து வந்த பெயர் அது. கட்டடத்தோட அது நிக்கல, பத்திரிகைப் படங்களுக்கும் வந்தது. அமெரிக்காவின் 'வேனிட்டி ஃபேர்' இதழில் மிகெல் கோவாருபியாஸ் அந்தப் பாணியில் பிரபலங்களை வரைஞ்சார். அதே காலத்துல இங்கே ஆனந்த விகடனில் மாலி, சங்கீத வித்வான்களைச் சில கோடுகளிலேயே பிடிச்சுக் காட்டினார்.

அந்தக் காலத்துக் கேலிச்சித்திரம் ஒண்ணு, காகிதத்தில் வரைஞ்சது, 40,000 ரூபாய்க்கு வருதுன்னு வைங்க. "பழசு சார், விலை ஏறிட்டே இருக்கும்"ங்கிறார் விக்கிறவர். உங்க கையில போனஸ் பணம் இருக்கு. என்ன செய்யலாம்?

முதல்ல, அது ஒரிஜினலா?

பழைய இதழ்ப் பக்கத்தை வெட்டி ஃபிரேம் போட்டாலும் பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா அது அச்சுப் பிரதி. பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. சாம்பல் நிறம் வர்ற இடத்துல வரிசையா குட்டிப் புள்ளிகள் தெரிஞ்சா அது அச்சு. கையால வரைஞ்சதுல பென்சில் தடம், வெள்ளை மை வச்சுத் திருத்தின இடம், ஓரத்துல பிளாக் செய்யறதுக்கான அளவுக் குறிப்பு இதெல்லாம் இருக்கலாம். கையெழுத்தை மட்டும் நம்பாதீங்க. யார்கிட்ட இருந்து யார் கைக்கு வந்ததுன்னு எழுத்துல கேளுங்க. அந்தக் காகிதம் இல்லாட்டி, நாளைக்கு நீங்க விக்கும்போது உங்க பேச்சையும் யாரும் நம்ப மாட்டாங்க.

இப்போ கணக்கு

படம் 40,000. சென்னை ஈரக்காத்துல பூஞ்சை பிடிக்காம இருக்க, அமிலம் இல்லாத அட்டையோட நல்ல ஃபிரேம் 6,000. மொத்தம் 46,000.

5 வருஷம் கழிச்சு 60,000-க்கு விக்கிறீங்க. 'ஆஹா, 50% லாபம்!' அப்படித்தானே தோணும்? ஏலத்துல 15% கமிஷன்னு வச்சா 9,000 போச்சு. மீதி 51,000.

அடுத்து வரி. வீட்டு சோபாவை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனா ஓவியத்துக்கு உண்டு. 24 மாசத்துக்கு மேல வச்சிருந்தா 12.5%. 11,000 லாபத்துக்கு செஸ் சேர்த்து 1,430 ரூபாய். ஃபிரேம் செலவை இதுல கழிக்கலை.

கையில நிக்கிறது 49,570. உண்மையான லாபம் 3,570 ரூபாய். அதாவது வருஷத்துக்குச் சுமார் 1.5%! இதுவும் வாங்க ஆள் கிடைச்சாத்தான். மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி நினைச்ச நாள்ல விக்க முடியாது.

சட்டத்துல மூணு விஷயம்

• படத்தை வாங்கினா காகிதம்தான் உங்களுது. காப்புரிமை தனி. டி-ஷர்ட்டில் போட்டு விக்க முடியாது. ஓவியர் இறந்து 60 வருஷம் வரை அந்த உரிமை இருக்கும். உதாரணமா, கோபுலு 2015-ல் காலமானார்.

• காப்புரிமை இருக்கிற வரை, மறுவிற்பனை 10,000 ரூபாயைத் தாண்டினா ஓவியரோ வாரிசோ பங்கு கேட்கச் சட்டத்துல இடம் இருக்கு. அதிகபட்சம் 10%.

• 100 வயசு ஆன ஓவியம் தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1935-ல் வரைஞ்ச படம் 2035-ல் அந்தக் கோட்டைத் தொடும். வெளிநாட்டு ஆள் நல்ல விலை தருவார்ங்கிற கணக்கு அதோட முடிஞ்சது.

அப்போ வாங்கவே கூடாதா?

தாராளமா வாங்கலாம். ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கணும், எஸ்ஐபி நிக்கக் கூடாது, கிரெடிட் கார்டு இஎம்ஐ கூடவே கூடாது. இது மூணும் சரின்னா, 'இந்தப் படம் பைசா ஏறாட்டியும் என் சுவத்துல வேணுமா?'ன்னு உங்களையே கேளுங்க. ஆமான்னா வாங்குங்க, ஆனா பட்ஜெட்ல அதை 'முதலீடு'ன்னு எழுதாதீங்க, 'ஆசை'ன்னு எழுதுங்க.