ஸ்ரேப்ளர் கன் இறுகிவிட்டால் என்ன செய்வது?

தறப்பாள் கொட்டிலில் மாரி கழித்தவர்களுக்கு இது நன்கு தெரியும். தறப்பாள் நடுவில் கிழிவது குறைவு. அடித்த இடத்தில்தான் அது முதலில் கிழிகிறது. காற்று இழுக்க இழுக்க ஆணித்துளை பெரிதாகி, ஓர் இரவில் ஒரு பக்கம் முழுவதும் கழன்று விடுகிறது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலும், மீள்குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளிலும் எமது மக்கள் இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

தறப்பாளை மரத்தில் விரைவாகப் பிடித்துவைக்க உதவும் கருவி, கையால் அழுத்தி அடிக்கும் ஸ்ரேப்ளர் கன். நாற்று மேடைக்கு நிழல் வலை, கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை, யன்னலுக்கு நுளம்பு வலை என்று கமக்காரக் குடும்பத்திற்கு இதனால் பல வேலைகள் ஆகும். மின்சாரம் தேவையில்லை. பல குடும்பங்கள் ஒன்றை மாறி மாறிப் பாவிக்கலாம்.

ஆனால் ஒருநாள் பின் இறுகிவிடும். ஒருவர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். மற்றவர் கைபிடியை இன்னும் பலமாக அழுத்துவார். கடைசியில் "இது பழுது" என்று மூலையில் போடப்படும். அடுத்த மழைக்கு அந்தக் கொட்டில்கள் ஒழுகும். உண்மையில் இப்படி மூலையில் கிடப்பவற்றில் பல பழுதானவையே அல்ல. பிழையான பின், கடினமான மரம், உள்ளே சேர்ந்த மணல், சிக்கிய ஒரு துண்டுக் கம்பி என்பவையே காரணமாக இருக்கும். இவற்றை ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால், பணம் செலவழிக்காமல் நாமே திருத்திக்கொள்ளலாம்.

கன் வேலை செய்யும் விதம்

இதன் உள்ளே ஒரு தடித்த ஸ்பிறிங்கும் அதனோடு இணைந்த ஒரு மெல்லிய உருக்குத் தகடும் உள்ளன. சும்மா இருக்கும்போது தகடு கீழே, மூக்கின் நுனிவரை இறங்கி நிற்கும். நாம் கைபிடியை அழுத்தும்போது தகடு மேலே எழும்புகிறது, ஸ்பிறிங்கும் இறுகுகிறது. தகடு எழும்பியதும் கீழே உள்ள கூட்டிலிருந்து ஒரு பின் அதன் அடிக்கு வந்து நிற்கும். கைபிடி ஓர் அளவுக்கு இறங்கியதும் தகடு விடுபட்டு, ஸ்பிறிங்கின் வேகத்தோடு பின்னின் தலையில் அடிக்கிறது.

பின்களை முன்னே தள்ளுவதற்குக் கூட்டினுள் ஒரு தள்ளியும் மெல்லிய நீண்ட ஸ்பிறிங்கும் இருக்கின்றன. ஆக, பார்க்க வேண்டியவை ஐந்து: பின், மரம், கூடும் தள்ளியும், தகடு, பெரிய ஸ்பிறிங். இந்த வரிசையிலேயே பாருங்கள். கடைசியாக உள்ளதை முதலில் கழற்ற வேண்டாம்.

தொடுவதற்கு முன்

கன்னின் மூக்கை ஒருபோதும் முகத்தை நோக்கிப் பிடிக்கக் கூடாது. வெளிவரும் பின் கண்ணைக் கெடுத்துவிடும். பிள்ளைகள் அருகில் நின்றால் முதலில் அவர்களை அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, கூட்டைத் திறந்து பின் சரத்தை வெளியே எடுங்கள். பிறகு மூக்கைப் பக்கவாட்டில் பாருங்கள். தகடு நுனிவரை இறங்கி நின்றால் ஸ்பிறிங் ஆறுதலாக இருக்கிறது. தகடு பாதி வழியில் நின்றால் ஸ்பிறிங் இன்னும் இறுகியே இருக்கிறது. கைபிடி தளர்ந்து மேலே நின்றாலும் இதை நம்ப வேண்டாம். சிக்கிய பின்னை எடுத்த கணமே தகடு பாய்ந்து இறங்கும். அந்த இடத்தில் விரலை வைக்கவே கூடாது. குறடு மட்டும் போகலாம்.

முதலில் பின்னைப் பாருங்கள்

கன்னின் உடலில் அதற்குரிய பின்னின் இலக்கம் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். 13, 53, 140 என்பன கடைகளில் காணப்படும் இலக்கங்கள். 53 ஆம் இலக்கப் பின்னின் அகலம் 11.4 மி.மீ. 13 இற்கும் 140 இற்கும் அகலம் ஒன்றே, 10.6 மி.மீ. ஆனால் 13 இன் கம்பி மெல்லியது. 140 இன் கம்பி தட்டையானது, தடித்தது. அகலம் ஒன்றாக இருப்பதால் மாறிப் போட்டாலும் கூட்டுக்குள் போய்விடும். 140 இற்கென்றே செய்த கன்னில் 13 ஐப் போட்டால் ஒரே அடியில் இரண்டு பின் நுழைய முயன்று இறுகிவிடும். இரண்டு மூன்று இலக்கங்கள் பொறித்த கன்னில் மட்டும் அவற்றை மாற்றிப் பாவிக்கலாம்.

கந்தோரில் தாள் குத்தும் 24/6 பின் இந்த வேலைக்கு உதவாது. அதன் கம்பி மெல்லியது, கால் 6 மி.மீ. மட்டுமே. கடைக்குப் போகும்போது பழைய பின் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே நல்லது.

கறள் பிடித்த பின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அவற்றைப் போட வேண்டாம். உடைந்த சிறு துண்டுச் சரங்களையும் சேர்த்துப் போட வேண்டாம். அவை கூட்டினுள் சரிந்து சிக்கும்.

மரத்தையும் பாருங்கள்

பின் முழுவதும் இறங்காமல் தலை மேலே நின்றால், உடனே கன்னைக் குறை சொல்லாதீர்கள். பெட்டிப் பலகை, மாம்பலகை போன்ற மெதுமையான பலகையில் ஐந்தாறு பின் அடித்துப் பாருங்கள். அதில் நன்றாக இறங்கினால் கன் சரி, மரம்தான் கடினம். பாலை, முதிரை, வைரம் பாய்ந்த பனஞ்சலாகை ஆகியவற்றில் கைக் கன்னின் பின் மடங்கிவிடும்.

இதற்கு வழி உண்டு. கடினமான கப்பின் மேல் மெதுமையான றீப்பை ஒன்றை ஆணியால் அடித்துவிட்டு, அந்த றீப்பையில் பின் அடிக்கலாம். அல்லது கால் குறைந்த பின்னைப் பாவிக்கலாம். மெதுமையான மரத்திற்கு 10 அல்லது 12 மி.மீ. காலும், கடினமான மரத்திற்கு 6 அல்லது 8 மி.மீ. காலும் பொருந்தும்.

அடிக்கும் முறையும் முக்கியம். கன் அடிக்கும்போது மேலே துள்ளும். துள்ளவிட்டால் அடியின் பலம் வீணாகும். ஒரு கையால் கைபிடியை அழுத்தி, மறு கையால் மூக்கின் மேற்பக்கத்தை மரத்தோடு அமர்த்திப் பிடிக்க வேண்டும். சற்றே மேலே நிற்கும் பின்னைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்கலாம்.

சிக்கிய பின்னை எடுத்தல்

1. சரத்தை எடுத்துவிட்டு, கூட்டின் தண்டவாளத்தையும் முழுவதாக வெளியே இழுங்கள். சிலவற்றில் பிற்பக்கத் தாழ்ப்பாளை அழுத்த வேண்டும். சிலவற்றில் தண்டவாளத்தைச் சற்று முன்னே தள்ளிக் கீழே இறக்க வேண்டும்.

2. மூக்கை நிலத்தை நோக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் சிக்கிய கம்பி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

3. கூர்மூக்குக் குறட்டால் கம்பியைப் பிடித்து, அது வந்த திசையிலேயே இழுங்கள். வராவிட்டால் மெல்லிய திருகாணிச் சாவியின் நுனியைக் கம்பிக்கும் முன் தகட்டிற்கும் இடையே விட்டு மெதுவாக நெம்புங்கள்.

4. அப்போதும் வராவிட்டால் இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டு, கால் மணித்தியாலம் பொறுத்து மீண்டும் முயலுங்கள்.

5. முன் தகடு திருகாணியால் பூட்டப்பட்டிருந்தால் அதைக் கழற்றலாம். தறையாணி அடித்துப் பூட்டியிருந்தால் அதை உடைக்க வேண்டாம்.

கைபிடி பாதி அழுத்திய நிலையில் இறுகிவிட்டால், மூக்கை மண்ணை நோக்கிப் பிடித்து, கன்னின் பக்கத்தில் மரக்கட்டையால் இலேசாகத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் வேண்டாம். உடல் நெளிந்தால் தகடு ஓடும் வழி கோணிவிடும். பிறகு அதை நேராக்குவது கடினம்.

பின் வராவிட்டால்

கைபிடி வழமைபோல் அடிக்கிறது, ஆனால் பின் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் தள்ளியில் இருக்கும். தள்ளியை விரலால் பிற்பக்கம் இழுத்து விடுங்கள். அது தானாக முன்னே ஓட வேண்டும். ஓடாவிட்டால் கூட்டினுள் மணலோ கறளோ இருக்கிறது. பழைய பல் துலக்கும் தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்து, துணியால் துடைத்து வெயிலில் காயவிடுங்கள்.

மெல்லிய ஸ்பிறிங்கின் நுனிக் கொளுக்கி உடைந்திருந்தால், கடைசிச் சுருளைக் குறட்டால் நிமிர்த்தி மடித்துப் புதிய கொளுக்கி செய்யலாம். ஒரு சுருள் குறைவதால் கேடில்லை.

நல்ல பின், மெதுமையான மரம், சுத்தமான கூடு எல்லாம் இருந்தும் பின் நசிந்தோ சரிந்தோ வந்தால் தகட்டின் நுனியைப் பாருங்கள். அது நேராகவும் சதுரமாகவும் இருக்க வேண்டும். மூலைகள் உருண்டு தேய்ந்திருந்தால் பின்னின் தலையிலிருந்து வழுக்கிவிடும். தகட்டைக் கழற்ற முடிந்தால், எண்ணெய் விட்ட சாணைக் கல்லில் நுனியை நேராகத் தேய்க்கலாம். மிகக் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். தகடு குட்டையானால் பின் இறங்காது. கொல்லன் உலையில் காய்ச்சவே கூடாது. காய்ச்சினால் உருக்கின் பதம் போய்விடும்.

பெரிய ஸ்பிறிங்

கைபிடி பாரமின்றித் தொளதொளவென்று ஆடினால், ஸ்பிறிங் உடைந்திருக்கலாம் அல்லது உள்ளே ஓர் இணைப்பு ஊசி விழுந்திருக்கலாம். சில கன்களின் மேலே ஒரு திருகி இருக்கும். அது தளர்ந்திருந்தாலும் அடி பலம் குறையும். அதை முதலில் இறுக்கிப் பாருங்கள்.

உள்ளே திறக்கத்தான் வேண்டும் என்றால் ஒன்றை மறவாதீர்கள்: ஆறுதலாக இருக்கும்போதும் அந்த ஸ்பிறிங் ஓரளவு அழுத்தத்துடனேயே இருக்கிறது. கன்னைத் தடித்த சாக்கினுள் வைத்து, கண்ணாடி அணிந்து, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைச் சைக்கிள் திருத்துபவரிடமோ தையல் இயந்திரம் திருத்துபவரிடமோ கொடுப்பது நல்லது. கையில் அகப்பட்ட வேறு ஸ்பிறிங்கைப் போட வேண்டாம். அது பலம் கூடினால் உடலும் கைபிடியும் உடையும்.

எண்ணெயும் பாதுகாப்பும்

தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி, கைபிடி மூட்டிலும் தகடு ஓடும் இடத்திலும் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். பின் ஓடும் கூட்டினுள் கிறீஸ் பூச வேண்டாம், மணல் ஒட்டிக்கொள்ளும்.

பின் இல்லாமல் சும்மா அடித்து விளையாடுவது தகட்டிற்கும் அதைத் தாங்கும் றப்பருக்கும் கேடு. வேலை முடிந்ததும் பின்களை எடுத்துவிட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்து, பொலித்தீன் பையில் சுற்றி, மண் தரையில் படாமல் உயரத்தில் தொங்கவிடுங்கள். கடலோரக் கிராமங்களில் உப்புக் காற்று விரைவில் கறளைக் கொண்டுவரும். அங்கே பின் பெட்டிகளையும் மூடிய போத்தலில் வையுங்கள்.

பின்னின் அளவை அறிந்து அடியுங்கள்

நன்கு திருத்திய கன்னாலும் எல்லாவற்றையும் செய்ய முடியாது. பின்னின் பிடி சிறியது. கூரைத் தறப்பாளைப் பின்னை மட்டும் நம்பி விடக்கூடாது. பின்னால் பிடித்து நேராக்கிய பிறகு, அதன் மேல் றீப்பை வைத்து ஆணி அடிக்க வேண்டும். சுவருக்கும் வலைக்கும் பின் போதும். அங்கேயும் பழைய சைக்கிள் ரியூப்பை ஒரு விரல் அகலத்தில் வெட்டி, தறப்பாளின் மேல் வைத்து அதனூடாக அடித்தால் கிழிவு குறையும். பின்னைச் சரிவாக அடியுங்கள். அப்போது தறப்பாளின் நெடுக்கு இழைகளையும் குறுக்கு இழைகளையும் அது சேர்த்துப் பிடிக்கும். வேலிக் கம்பிக்கு இது உதவாது; அதற்கு யூ ஆணிதான்.

பொதுவாகப் பாவிக்கும் கன்னுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். கன்னுடன் ஒரு கூர்மூக்குக் குறடு, ஒரு திருகாணிச் சாவி, ஒரு தூரிகை, சிறு போத்தல் எண்ணெய், சரியான இலக்கப் பின் ஒரு பெட்டி ஆகியவற்றை ஒரே பையில் வைத்துக் கொடுங்கள். அவர் இன்னும் இருவருக்கு இந்த வேலையைப் பழக்கிவிடட்டும்.

சோளகம் ஓய்ந்து மாரி தொடங்குவதற்கு முன், புரட்டாதி மாதத்தில், அந்தப் பையை இறக்குங்கள். மெதுமையான பலகை ஒன்றில் பத்துப் பின் அடித்துப் பாருங்கள். பத்தும் நேராக இறங்கினால் கொட்டிலைச் சுற்றி வந்து தளர்ந்த இடங்களை அன்றே அடித்துவிடுங்கள். இறங்காவிட்டால், மழைக்கு முன் அதைத் திருத்த உங்களுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.