விடுமுறைக் கணக்கில் விடுபட்ட செலவினம்

ஏப்ரல் மாதத்தின் இறுதி வாரத்தில் எங்கள் கிளையின் பெட்டக அறைக்கு வரும் வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. பள்ளி விடுமுறைக்கு வெளியூர் புறப்படுவோர் நகைகளையும் பத்திரங்களையும் பெட்டகத்தில் வைத்துவிட்டு, நிம்மதியுடன் படியிறங்கிச் செல்வர். அவர்களுள் எனக்கு நன்கு அறிமுகமானவர்களிடம், "வீட்டில் நாய் இருக்கிறதே, அதை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. "பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் இதே சொற்களைத்தான் கூறினேன்.

பணி மாறுதலில் நாகபுரிக்கு வந்து ஆறாண்டுகள் ஆகின்றன. வந்த முதல் மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பின் வாயிலில் நனைந்தபடி ஒண்டிக்கொண்டிருந்த நாய்க்குட்டியைப் பிள்ளைகள் உள்ளே கொண்டுவந்தனர். பெயர் மணி. இன்று அதன் எடை 18 கிலோ. எதிர்வீட்டு அம்மையாரைப் பிள்ளைகள் மராத்தி வழக்கப்படி 'காகூ' என்று அழைப்பார்கள். அவர் மட்டும் அதை 'மணிராம்' என்றே கூப்பிடுவார். இரண்டு பெயர்களுக்கும் அது வாலாட்டும்.

எங்கள் வீட்டுச் சமையல் எளியது. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டில் வேறெப்படி இருக்க முடியும்? காலையில் இட்லி அல்லது உப்புமா, மதியத்துக்கு ஒரு குழம்பும் ஒரு பொரியலும், இரவில் பெரும்பாலும் தயிர்சாதம். மணிக்கெனத் தனியாக அடுப்பேற்றுவதில்லை. குக்கரில் வெந்த சாதத்திலிருந்து ஒரு கரண்டி, அதே ஆவியில் வேகவைத்த கேரட்டோ பூசணியோ, ஒரு முட்டை, ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பும் மசாலாவும் சேர்க்காத கோழிக்கறி. தாளிப்பதற்கு முன் அதன் பங்கை எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் ஒழுங்கு. அந்த ஒழுங்கின் காரணத்தை நாங்கள் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. தவறு அங்கேதான் தொடங்கியது.

அவ்வாண்டு மே மாதத்தில் நான்கு நாட்கள் பச்மடி சென்றோம். சாத்பூரா மலைத்தொடரில் உள்ள அவ்வூருக்கு ரயிலில் பிபரியா வரை சென்று, அங்கிருந்து சாலை வழியாக மலையேற வேண்டும். பயணச்சீட்டு, தங்கும் விடுதி, உணவு, வாடகை வண்டி என ஒவ்வொன்றுக்கும் தொகை ஒதுக்கி, வணிகவியல் படித்தவன் என்ற பெருமையுடன் தாளில் கணக்கெழுதி வைத்திருந்தேன். சமையலறைக் கூடையில் அரிசி, முட்டை ஆகியவற்றுடன் மணியைக் காகூவிடம் ஒப்படைத்தோம்.

ஐந்தாம் நாள் காலை வீடு திரும்பியபோது மணி எழுந்து வரவில்லை. படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் அசைத்தது. மூச்சு வேகமாக இருந்தது. ஈறுகள் வெளுத்திருந்தன. சிறுநீர் தேநீர் நிறத்தில் இருந்ததைக் கண்ட என் மனைவி உடனே ஆட்டோவை அழைத்தார். கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடந்த சில நாட்களில் என்ன சாப்பிட்டது?" என்பதே.

காகூவைத் தொலைபேசியில் கேட்டோம். முதல் நாள் சாதத்தையும் முட்டையையும் மணி தொடவேயில்லையாம். வாயிற்கதவையே பார்த்துக்கொண்டு கிடந்ததாம். மனம் கேளாமல், தமக்குச் செய்த பிட்லாவைச் சோள ரொட்டியுடன் பிசைந்து வைத்திருக்கிறார். மணி அதை விரும்பித் தின்றது. எனவே நான்கு நாட்களும் அதுவே உணவாயிற்று. பிட்லா என்பது கடலைமாவைக் கரைத்துக் கிளறும் மராத்திய வீட்டு உணவு. அதில் வெங்காயமும் பூண்டும் தாராளமாகச் சேரும்.

வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவே நாய்க்கு இரத்தசோகையை உண்டாக்கிவிடும். பூனைகள் இன்னும் எளிதாகப் பாதிக்கப்படும். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்த நச்சுத்தன்மை நீங்குவதில்லை. உடல் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் வெங்காயத்தை ஒரே வேளையில் தின்றால் நாய்க்கு ஆபத்து என்று கால்நடை மருத்துவம் கூறுகிறது. மணியின் எடைக்கு அது 90 கிராம். அதாவது நடுத்தர அளவுள்ள ஒரே ஒரு வெங்காயம். சிறிது சிறிதாகப் பல நாட்கள் தின்றாலும் கேடு சேர்ந்துகொண்டே போகும். தின்றவுடன் அறிகுறி தெரியாது. சில நாட்கள் கழித்தே சோர்வும் ஈறு வெளுப்பும் சிறுநீரின் நிறமாற்றமும் தோன்றும். இதற்கு மாற்று மருந்தும் இல்லை. நீர்ச்சத்து ஏற்றி, இரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே, புதிய அணுக்கள் உருவாகும் வரை உடலைத் தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. நிலைமை முற்றினால் வேறொரு நாயின் இரத்தத்தைச் செலுத்த வேண்டிவரும். மணிக்கு அந்த நிலை ஏற்படவில்லை.

நம் சமையலறையில் நாய்க்கு ஆகாத பிற பொருள்களையும் இங்கே குறிப்பிட்டுவிடுகிறேன். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆகையால் பாயசத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் அன்போடு நீட்டக் கூடாது. சாக்லேட் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி சேர்த்த, சர்க்கரையற்ற சூயிங்கமும் கொடியது. சமைத்த கோழி எலும்பு சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கக் கூடும். சாம்பார் சாதம் தின்றே வளர்ந்த நாய்களை எனக்குத் தெரியும் என்று சிலர் கூறுவர். நானும் அறிவேன். அவற்றின் இரத்தத்தை எவரும் பரிசோதித்ததில்லை என்பதே அவர்களுக்கு என் பதில்.

மூன்று நாள் சிகிச்சைக்கும் மருந்துகளுக்கும் 11,400 ரூபாய் ஆயிற்று. விடுமுறைக்கென வைத்திருந்த பணம் பச்மடியிலேயே தீர்ந்திருந்தது. பதற்றத்தில் ஒரு நிலைவைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்தேன். அவ்வாறு முடித்தால், பணம் வைப்பில் இருந்த காலத்துக்கு உரிய வட்டி விகிதமே கிடைக்கும். பெரும்பாலும் அதிலும் ஒரு சிறு பகுதி அபராதமாகக் குறையும். அந்த வைப்பின் மேல் கடன் பெற்றிருந்தால் வைப்பு தொடர்ந்து வட்டி ஈட்டியிருக்கும். கடனுக்குச் சற்றே கூடுதலான வட்டியைச் செலுத்தி, அடுத்த சம்பளத்தில் அடைத்திருக்கலாம். ஆண்டு முழுவதும் வாடிக்கையாளர்களுக்கு நான் கூறும் ஆலோசனை எனக்கே அன்று நினைவுக்கு வரவில்லை. என் உதவியாளர் அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முத்திரையிட்டார்.

அதன்பின் மாதம் 1,500 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர்வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். சம்பளம் வரவாகும் நாளுக்கு மறுநாள் சேமிப்புக் கணக்கிலிருந்து தொகை தானாகவே மாறும்படி நிலையான அறிவுறுத்தல் அளித்தேன். தவணை தவறினால் சிறு அபராதம் உண்டு. தானியங்கு ஏற்பாட்டில் அந்தக் கவலை குறைவு. பன்னிரண்டு தவணைகளில் 18,000 ரூபாயும் அதன் வட்டியும் ஏப்ரல் இறுதியில் கைக்கு வருமாறு தொடக்க நாளை அமைத்துக்கொண்டேன். ஆண்டுதோறும் போடவேண்டிய வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, விடுமுறை நாட்களின் பராமரிப்பு, எதிர்பாராத மருத்துவம் எல்லாம் இதில் அடங்கும். நாய்களுக்கான காப்பீட்டுத் திட்டங்களும் நம் நாட்டில் உள்ளன. எடுக்க விரும்புவோர் வயது வரம்பையும், எந்தெந்த நோய்களுக்கு இழப்பீடு இல்லை என்பதையும் முதலில் படிக்க வேண்டும்.

நாயை உடன் அழைத்துச் சென்றால் என்ன என்று சிலர் கேட்பர். ரயிலில் அது இயலும்; எளிதன்று. குளிர்சாதன முதல் வகுப்பில் நான்கு படுக்கைகள் உள்ள அறையோ இரண்டு படுக்கைகள் உள்ள கூபேயோ முழுவதும் நம் பெயரில் இருந்தால்தான் நாய்க்கு இடம். அறை ஒதுக்கீடு பெரும்பாலும் பயணிகள் பட்டியல் தயாராகும்போதுதான் தெரியும். தடுப்பூசிச் சான்றுடனும் கால்நடை மருத்துவரின் உடற்தகுதிச் சான்றுடனும் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். இரண்டடுக்கு, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் சாதாரணப் படுக்கை வகுப்பிலும் நாய்க்கு அனுமதியில்லை. எஞ்சியிருப்பது கார்டு பெட்டியிலுள்ள கூண்டு. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே தன் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. மே மாதத்தில் 45 பாகை வெப்பம் காணும் இந்தப் பகுதியில் அந்தக் கூண்டை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. நான்கு பேருக்கு முதல் வகுப்புக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்த நாளில் நாங்கள் அந்த எண்ணத்தைக் கைவிட்டோம்.

ஒருநாள் உலாக்களுக்கு மட்டும் மணி உடன் வரும். நாகபுரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ராம்டேக் எங்களுக்குப் பிடித்த இடம். காளிதாசர் மேகதூதத்தைப் பாடிய ராமகிரி இதுவே என்பது இவ்வூர் மரபு. மலைக்கோயில் வழியில் கருமுகக் குரங்குகள் மிகுதி. ஆதலால் ஒருவர் மணியுடன் கீழே மரநிழலில் இருக்க, மற்றவர்கள் ஏறிவருவோம். பூட்டிய காரில் அதை விடுவதில்லை. சாளரத்தைச் சற்றுத் திறந்து வைத்தாலும் உள்ளே வெப்பம் சில நிமிடங்களில் உயிரைக் குடிக்குமளவு ஏறிவிடும். எங்களுக்குப் புளிசாதமும், சாதத்தில் பாலை மிகுதியாக ஊற்றிச் சிறிது தயிர் மட்டும் கலந்த தயிர்சாதமும் எடுத்துச் செல்வோம். மதியத்துக்குள் அது புளிக்காமல் சரியாக உறைந்திருக்கும். தாளிக்காத பங்கு மணிக்கு. பெஞ்ச் போன்ற புலிகள் காப்பகங்களுக்குள் வளர்ப்பு நாய்களுக்கு அனுமதியில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

நீண்ட பயணங்களின்போது மணி இப்போதும் காகூவிடம்தான் இருக்கிறது. அந்த நிகழ்ச்சிக்குப்பின் அவர் பல நாட்கள் எங்கள் வீட்டுக்கு வரவே தயங்கினார். பிழை எங்களுடையது, நாங்கள்தான் சொல்லாமல் சென்றோம் என்று என் மனைவி நேரில் சென்று பலமுறை கூறவேண்டியிருந்தது. இப்போது புறப்படும் முன் ஒரு தாள் எழுதிக் கொடுக்கிறோம்: எத்தனை வேளை, எவ்வளவு சாதம், எவை கூடாது, மருத்துவரின் எண், ஈறு வெளுத்தால் உடனே அழைக்க வேண்டும் என்ற குறிப்பு. ஒரு நாள் உண்ணாவிட்டாலும் அஞ்ச வேண்டாம், தண்ணீர் குடித்தால் போதும், மறுநாளும் உண்ணாவிட்டால் மருத்துவரை அழைக்கவும் என்பது அதில் அடிக்கோடிட்ட வரி. புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் இரண்டு மூன்று வேளை அவர் கையாலேயே உணவு வைக்கச் சொல்கிறோம்.

அவசரச் செலவுக்கென ஓர் உறையில் 3,000 ரூபாய் வைக்கிறோம். மேற்கொண்டு தேவையானால் மருத்துவமனைக்கு நானே யுபிஐ வழியாக அனுப்பிவிடலாம். டெபிட் அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்லும் வாடிக்கையாளர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் எவ்வளவு நம்பிக்கைக்குரியவராயினும் அவ்வாறு செய்யலாகாது. ரகசிய எண்ணை நாமே பிறரிடம் தெரிவித்ததால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்கு நாம் அறிவிக்கும் வரையிலான இழப்பு நம்மையே சாரும்.

வரும் மே மாதம் ஐந்து நாட்கள் கும்பகோணம் செல்லவிருக்கிறோம். சென்ற வாரம் தாளைக் கொடுத்தபோது காகூ கண்ணாடியை அணிந்துகொண்டு முழுவதும் படித்தார். பின்னர் என் பேனாவை வாங்கி, கீழே மராத்தியில் ஒரு வரியைத் தாமே சேர்த்தார்: "இரவுச் சாதத்தில் மோர் ஊற்றாவிட்டால் மணிராம் உண்ண மாட்டான்." ஆறாண்டுகளாக அதை வளர்க்கும் எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.