வைரஸைத் தேடும் ஒற்றை வரிக் கட்டளை

உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் கல்லூரிக்காக எழுதிய ஆய்வுக் கட்டுரை, பாட்டியின் புகைப்படங்கள், அப்பாவின் கணக்கு வழக்கு எல்லாம் அதற்குள்ளே இருக்கின்றன. வைரஸ் எதிர்ப்பு நிரலைத் திறந்து பார்க்கிறீர்கள். எல்லாம் நலமாக இருப்பதாகப் பச்சை எழுத்தில் சொல்கிறது. அதை அப்படியே நம்பிவிடலாமா?

இதற்கு விடை காண 1986-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பாகிஸ்தானின் லாகூர் நகரில் பாசித், அம்ஜத் என்ற ஆல்வி சகோதரர்கள் எழுதிய நிரல் ஒன்று பிளாப்பித் தட்டுகள் வழியாக நாடு நாடாகப் பரவியது. 'பிரெய்ன்' என்பது அதன் பெயர். ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் என்று இதைக் கூறுவார்கள். கணிப்பொறி துவங்கும்போது முதலில் படிக்கும் பகுதி ஒன்று தட்டில் உண்டு. பிரெய்ன் அங்கேதான் குடியேறும். யாராவது அந்தப் பகுதியைப் படித்துப் பார்க்க முயன்றால், நினைவகத்தில் விழித்திருக்கும் பிரெய்ன் இடையில் புகுந்து, தான் வேறோர் இடத்தில் பத்திரமாக எடுத்து வைத்திருந்த அசல் பகுதியைக் காட்டிவிடும்! பார்ப்பவருக்கு ஒரு சந்தேகமும் எழாது. இன்றைய வைரஸ்களில் சிலவும் இதே தந்திரத்தை இன்னும் திறமையாகச் செய்கின்றன.

ஆகவே, வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியையே சோதிக்கச் சொல்வது திருடன் கையில் சாவியைக் கொடுத்தது போலத்தான். பின் என்ன செய்வது? லினக்ஸ் இயங்குதளம் பதித்த பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கணிப்பொறியைத் துவக்கலாம். அப்போது வீட்டு வன்தட்டில் உள்ள வைரஸ் உயிரற்ற வெறும் பைட்டுகளின் வரிசையாகக் கிடக்கும். எதையும் மறைக்க அதனால் முடியாது. இப்படிப்பட்ட வேளையில் வண்ணப் படங்களும் பொத்தான்களும் தேவையில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால் வேலை செய்யும் சோதனை நிரலே போதும்.

அவற்றுள் ஒன்றுதான் 'கிளாம் ஏவி'. போலந்து நாட்டைச் சேர்ந்த தோமாஷ் கோய்ம் என்பவர் 2002-இல் தொடங்கிய இந்த நிரலை இப்போது சிஸ்கோ நிறுவனம் பராமரிக்கிறது. விலை கிடையாது. உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் யாரும் பார்க்கலாம். முதலில் 'ஃபிரெஷ்கிளாம்' என்று தட்ட வேண்டும். புதிய வைரஸ்களின் அடையாளங்கள் இணையம் வழியாக வந்து சேரும். பிறகு 'கிளாம்ஸ்கேன்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, கழித்தல் குறியும் சிறிய 'ஆர்' எழுத்தும் இட்டு, மீண்டும் இடம் விட்டு, சோதிக்க வேண்டிய கோப்புறையின் பெயரைத் தரவேண்டும். 'ஆர்' என்பதற்கு, உள்ளே இருக்கும் கோப்புறைகளுக்குள்ளும் நுழைந்து தேடு என்று பொருள். திரை சிறிது நேரம் ஊமையாக இருக்கும், பயப்பட வேண்டாம். பல லட்சம் அடையாளங்களை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ள அதற்கு அவகாசம் வேண்டாமா? (விண்டோஸுடன் வரும் டிஃபெண்டருக்கும் இதுபோல் தட்டி ஏவும் கட்டளை உண்டு.)

அடையாளம் என்கிறோமே, அது என்ன? ஒரு வகை, முழுக் கோப்புக்கும் எடுக்கும் கைரேகை. கோப்பின் எல்லாப் பைட்டுகளையும் ஒரு கணக்கில் போட்டு ஒரு நீண்ட எண்ணைப் பெறுகிறார்கள். ஒரே ஒரு பைட்டை மாற்றினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். வைரஸ் எழுதுபவனுக்கு இது தெரியாதா? ஒரு பைட்டை மாற்றித் தப்பித்துவிடுவான். அதனால் வைரஸின் உடலில் எளிதில் மாற்ற முடியாத ஒரு துண்டை எடுத்து, அந்தப் பைட்டு வரிசையைத் தேடுவது இரண்டாவது வகை.

லட்சக்கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடினால் பொழுது விடிந்துவிடும். இங்கே கைகொடுப்பது, பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் அஹோ, மார்கரெட் கோரசிக் இருவரும் 1975-இல் வெளியிட்ட முறை. அதைத் தமிழிலேயே பார்ப்போமே. ஒரு புத்தகத்தில் 'கடல்', 'கடன்', 'டப்பா' என்ற மூன்று சொற்களைத் தேடவேண்டும். எழுத்தெழுத்தாகப் படிக்கிறீர்கள். 'க', 'ட' வந்துவிட்டன. 'கடல்', 'கடன்' இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் காத்திருக்கிறீர்கள். அடுத்து 'ப்' வருகிறது. இரண்டும் இல்லை. ஆனால் திரும்பிப் போய்ப் படிக்கத் தேவையில்லை. 'ட', 'ப்' என்பது 'டப்பா'வின் தொடக்கம் அல்லவா? அந்த இடத்துக்குத் தாவிவிடுகிறீர்கள். அடுத்து 'பா' வந்ததும் சொல் கிடைத்துவிட்டது. எத்தனை சொற்களைத் தேடினாலும் புத்தகத்தை ஒரே ஒரு முறை படித்தால் போதும்.

சரி, நீங்கள் படித்த சொல் எது தெரியுமா? 'கடப்பாரை'! அதற்குள் டப்பா ஏது? எழுத்து வரிசை பொருந்தியது, பொருள் பொருந்தவில்லை. வைரஸ் சோதனையிலும் இந்தப் பொய் எச்சரிக்கை நேரும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய புதிய அடையாளத் தொகுப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றை வைரஸ் என்று தவறாக இனங்கண்டது. உலகின் பல இடங்களில் கணிப்பொறிகள் திரும்பத் திரும்ப அணைந்து துவங்கின; வலையமைப்புத் தொடர்பும் அறுந்தது. வைரஸால் வராத கேடு, காவல்காரனால் வந்தது.

கிளாம்ஸ்கேன் தானாக எதையும் அழிப்பதில்லை, கண்டதைச் சொல்லும், அவ்வளவுதான். இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதுவே அதன் சிறப்பு. அழித்துவிடு என்று சொல்லும் சொல்லையும் கட்டளையோடு சேர்க்கலாம், சேர்க்காதீர்கள். சில அஞ்சல் நிரல்கள் வந்த கடிதங்கள் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டி வைக்கின்றன. அவற்றுள் ஒரு கடிதத்தில் வைரஸ் இருந்தால் அந்தக் கோப்பே அழிந்து, பத்தாண்டுக் கடிதங்களும் அதனோடு போய்விடும். சந்தேகத்துக்குரிய கோப்பை வேறொரு கோப்புறைக்கு நகர்த்தும்படி சொல்லலாம். பிறகு நிதானமாக ஆராயலாம்.

வேலை முடிந்ததும் நிரல் ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. 0 என்றால் வைரஸ் எதுவும் காணவில்லை, 1 என்றால் கண்டது. 2 என்றால் இடையில் ஏதோ பிழை. திறக்க முடியாத கோப்பு ஏதேனும் இருந்திருக்கலாம். பலரும் 2-ஐ 0 போலவே நினைத்து எழுந்து போய்விடுகிறார்கள். 0 வந்தாலும் ஒரு சங்கதி உண்டு. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பெரிய கோப்புகளை, நாம் கேட்டுக்கொண்டால் ஒழிய, இந்த நிரல் முணுமுணுப்பின்றி விட்டுவிடும்.

இதையெல்லாம் உண்மை வைரஸ் இல்லாமலே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 'ஐகார்' என்ற ஐரோப்பிய அமைப்பின் சோதனைக் கோப்பு வெறும் 68 எழுத்துகள் கொண்டது. யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் அதைக் கண்டால் வைரஸ் என்று கூவ வேண்டும் என்பது வைரஸ் எதிர்ப்பு நிரல்களுக்கிடையே ஓர் உடன்பாடு. வீட்டில் சொல்லிவிட்டு, உங்கள் கணிப்பொறியில் மட்டும் செய்து பாருங்கள். அந்தக் கோப்பைச் சோதியுங்கள்: 1 வரும். அதை ஜிப் கோப்பாகச் சுருக்கிச் சோதியுங்கள்: பிரித்துப் பார்த்து மீண்டும் 1 சொல்லும். இனி கடவுச்சொல் இட்டுச் சுருக்குங்கள். உள்ளே இருப்பது அதே 68 எழுத்துகள்தாம், வருவதோ 0.