பண்பாட்டுப் பரிமாற்ற விசா: உரிமைகளும் அபாயங்களும் தீர்வுகளும்

கீரப்பாளையம் ஒன்றியத்து ஊர்களிலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பயிலும் மாணவர்களுக்கும், கடலூர் மாவட்டத்தின் தெருக்கூத்து, நாகசுரம், தவில் கலைஞர்களுக்கும் வெளிநாட்டுப் பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டங்கள் பெறற்கரிய வாய்ப்புகளே. எனினும் கலைப் பயணம் என்று சொல்லிப் பணம் பறிப்பதும், போய்ச் சேர்ந்தவரைக் கூலியாளாக நிறுத்துவதும் நடப்பதால், விசா என்னும் நுழைவு அனுமதி எந்த நோக்கத்துக்காகத் தரப்படுகிறது என்பதை விண்ணப்பிப்பவரே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

அமெரிக்காவில் இத்தகைய திட்டங்களுக்கு உரியது, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான ஜே-1 விசா ஆகும். இதற்கு அடிப்படையான டிஎஸ்-2019 என்னும் தகுதிச் சான்றை அந்நாட்டு வெளியுறவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர், அதாவது பங்கேற்பாளருக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம், மட்டுமே வழங்க முடியும். ஊர் ஏஜென்ட் எவருக்கும் அந்த அதிகாரம் இல்லை. ஏஜென்ட் இணைத்த போலிச் சான்று தெரிந்தே தரப்பட்டதாகக் கருதப்பட்டால், அமெரிக்காவுக்குள் நுழைய வாழ்நாள் தடை விதிக்கப்படுவது விண்ணப்பதாரருக்கே என்பதால், ஒவ்வொரு தாளையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடுவது பேராபத்து. நேர்காணலில், திரும்பி வரும் எண்ணம் நிறுவப்படவில்லை என்று 214(பி) பிரிவின்கீழ் மறுப்பு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்காது, மேல்முறையீடும் இல்லை. ஆயினும் அது நிலையான தடை அன்று, மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆகவே, விசா உறுதி என்று வாக்களிப்பவரின் சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை.

தனியாகவோ குழுவாகவோ சென்று மரபுக்கலை நிகழ்த்துவோருக்கு உரிய பி-3 (P-3) விசா வேறு. அதற்கு அமெரிக்காவில் உள்ள அழைப்பாளரே அங்குள்ள குடியேற்றத் துறையில் முதலில் மனுச் செய்ய வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று ஊதியத்துக்கு ஆடலாம் என்பவர் கலைஞரைச் சட்டமீறலுக்குள் தள்ளுகிறார்.

முறையான விசாவிலும் சுரண்டல் நிகழும் என்பதற்கு 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் நடந்தது சான்று. கோடைக்கால வேலை-பயணத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான டாலர் செலுத்தி ஜே-1 விசாவில் வந்த பல நாட்டு மாணவர்கள், ஹெர்ஷி சாக்லேட்டுகளைப் பொதியும் கிடங்கில் இரவும் பகலும் சுமை தூக்க நேர்ந்தபோது, வேலைநிறுத்தம் செய்து வெளியே வந்தனர். அவர்கள் வாய்திறந்ததால்தான் ஸ்பான்சர் நிறுவனம் அங்கீகாரத்தை இழந்தது, 2012இல் திட்ட விதிகள் இறுக்கப்பட்டன, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு நிலுவை ஊதியமும் கிடைத்தது. தற்காலிக விசாவில் வருபவருக்கும் தொழிலாளர் உரிமை உண்டு என்பதை விளக்கும் கையேட்டைத் தூதரக அதிகாரி ஜே-1 விண்ணப்பதாரருக்கு வழங்கி, அவர் அதைப் புரிந்துகொண்டாரா என உறுதிசெய்ய வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் கூறுகிறது. கலைஞர்கள் தயங்காமல் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இந்தியச் சட்டமும் துணை நிற்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் திரைப்படம், கண்காட்சி, கேளிக்கை தொடர்பான பணிகளையும் வேலை என்னும் வரையறைக்குள் சேர்த்திருப்பதால், பதிவு பெறாத ஒருவர் கலைஞரை வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றமாகும். பதிவு பெற்ற முகவரின் பெயரை இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம்; அவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே, அதற்கு ரசீதும் தர வேண்டும். 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை என்பதால், அதைப் பிடித்துவைத்துக்கொள்ள எந்த நிகழ்ச்சி அமைப்பாளருக்கும் உரிமை இல்லை.

ஏமாற்றப்பட்டவர் ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக் காவல்துறையில் புகார் அளிக்க வேண்டும். இணையவழியில் பணம் போயிருந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைப்பது, அத்தொகையை முடக்கி மீட்க உதவும். வெளிநாட்டில் சிக்கியவர் இந்தியத் தூதரகத்தையோ வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்னும் இணையதளத்தையோ அணுகலாம்; குடும்பத்தார் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிடம் முறையிடலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று புகாரைக் கைவிடத் தேவையில்லை: பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆள்கடத்தலுக்கு உள்ளானோர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி வழங்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்திருப்பதால், கீரப்பாளையத்தார் சிதம்பரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் அதற்கு மனுக் கொடுக்கலாம்.