எழுதாத தேர்வின் கிரேடு

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் நடுவில் வருகிறது. ஹார்வர்டுக்கு ஜனவரி 1. ஆனால் இங்கிலாந்துப் பிள்ளைகள் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலை எழுதுவது அதற்கடுத்த மே, ஜூன் மாதங்களில்தான். முடிவு வெளியாக ஆகஸ்ட் ஆகிவிடும். பிறகு எந்த மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பிக்கிறார்கள்?

ஆசிரியரின் கணிப்பை வைத்து. 'இந்த மாணவி கணிதத்தில் ஏ ஸ்டார், இயற்பியலில் ஏ வாங்குவாள்' என்று பள்ளி எழுதி அனுப்புகிறது. கேம்பிரிட்ஜ் போன்ற இடங்கள் அதையும் நேர்காணலையும் நுழைவுத் தேர்வையும் பார்த்து, நிபந்தனையோடு இடம் தருகின்றன: இரண்டு ஏ ஸ்டாரும் ஒரு ஏயும் வாங்கினால் வரலாம். ஆகஸ்டில் ஒரு கிரேடு குறைந்தாலும் இடம் கைநழுவக்கூடும். அமெரிக்காவில் நிலைமை வேறு. ஹார்வர்டு மார்ச் இறுதிக்குள் முடிவைச் சொல்லிவிடும். அப்போது ஏ லெவல் தொடங்கியே இருக்காது. அதனால் பதினாறு வயதில் எழுதி முடித்த ஜிசிஎஸ்இ தேர்வின் கிரேடுகளுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. இங்கிலாந்து மாணவர்களில் பெரும்பாலோர் கையில் அப்போது இருக்கும் உறுதியான பொதுத்தேர்வு முடிவு அது ஒன்றுதான்.

அந்த ஜிசிஎஸ்இ கிரேடு பிறக்கும் விதம் என்னை வியக்க வைக்கிறது. 2017 முதல் இங்கிலாந்தில் எழுத்துகள் போய் 9 முதல் 1 வரை எண்கள் வந்தன. 9தான் உச்சம். அதை யாருக்குத் தருவது என்பதற்குப் புதிய தேர்வுகளின் முதல் ஆண்டில் ஒரு சூத்திரமே வகுத்தார்கள். 7 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை சதவீதமோ அதில் பாதியை எடுத்து 7ஐக் கூட்ட வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களில் அத்தனை சதவீதத்தினருக்கு 9. ஒரு பாடத்தில் நூற்றுக்கு 20 பேர் 7ஐத் தொட்டால் அவர்களில் 17 சதவீதத்தினர், அதாவது நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் 9 பெறுவார்கள். 40 பேர் தொட்டால் ஏறத்தாழ 11 பேர். எந்த மதிப்பெண்ணுக்கு எந்த கிரேடு என்பதை விடைத்தாள் திருத்திய பிறகே தீர்மானிக்கிறார்கள். வினாத்தாள் கடினமாக இருந்தால் எல்லைக்கோடு கீழே இறங்கும்.

கணிப்பைப் பெரிதாக நம்பினால் என்ன நேரும் என்பதை 2020இல் நாடே பார்த்தது. கொரோனாவால் ஏ லெவல் தேர்வு ரத்தாகி, ஆசிரியர்கள் தந்த கிரேடுகளைக் கணினிச் சூத்திரம் திருத்தியது. பள்ளியின் பழைய முடிவுகளை அது வலுவாகக் கணக்கில் கொண்டதால், முன்பு சுமாராகத் தேறிய பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் அடிவாங்கினார்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 40 சதவீத கிரேடுகள் குறைக்கப்பட்டன. ஆகஸ்ட் 13 அன்று முடிவு. மாணவர்கள் தெருவில் இறங்கியதும் 17 அன்று அரசு பின்வாங்கியது.

ஆசிரியர் கணிப்பும் துல்லியமானதல்ல. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர் ஜில் வைனஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏ லெவல் மாணவர்களில் 16 சதவீதத்தினருக்கே கணிப்பு பலித்தது. 75 சதவீதத்தினருக்கு உள்ளதைவிட அதிகமாகக் கணித்திருந்தார்கள். மிக நன்றாகத் தேறியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால்தான் மனம் கனக்கிறது: வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தகுதிக்குக் குறைவான கணிப்பு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கணிப்பு தாழ்ந்தால் அவர்கள் பெரிய பல்கலைக்கழகத்தின் பக்கமே போகாமல் இருந்துவிடக்கூடும்.

முடிவு வந்த பிறகு விண்ணப்பிக்கும் முறைக்கு மாறலாமா என்று பிரிட்டிஷ் அரசு 2021இல் கருத்துக் கேட்டது. 2022இல் அந்த யோசனையைக் கைவிட்டது. இப்போதும் ஒரு வழி திறந்திருக்கிறது. ஓராண்டு காத்திருந்து, கையில் உண்மையான கிரேடுகளோடு மறுபடி விண்ணப்பிக்கலாம். அந்த ஓராண்டுச் செலவைத் தாங்க வீட்டில் வசதி வேண்டும். குறைத்துக் கணிக்கப்பட்ட ஏழைப் பிள்ளைகளிடம் இல்லாததும் அதுவே.