5 வருஷம் ஒரு வண்டிகூட விற்கல! - ஏத்தர் நண்பர்களின் கரியர் சொல்லும் க்ளீன் எனர்ஜி பாடம்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேருற திருமுக்கூடல் பக்கத்துல இருந்து, கம்பெனி வேன் ஏறி ஒரகடத்துக்கு வேலைக்குப் போறவங்களா நீங்க? இல்ல, காஞ்சிபுரத்துல டிப்ளமோ படிச்சுக்கிட்டே 'நாமளும் க்ளீன் எனர்ஜில ஒரு ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சா என்ன?'ன்னு யோசிக்கிறவங்களா? அப்போ தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் கதை உங்களுக்குத்தான்.

ரெண்டு பேரும் சென்னை ஐஐடி-யில இன்ஜினீயரிங் டிசைன் படிச்ச நண்பர்கள். படிப்பு முடிஞ்சதும் தருண் அசோக் லேலண்ட்லயும், ஸ்வப்னில் ஜெனரல் மோட்டார்ஸ்லயும் வேலைக்குச் சேர்ந்தாங்க. கொஞ்ச நாள்லயே வேலையை விட்டுட்டு, 2013-ல 'ஏத்தர் எனர்ஜி'யை ஆரம்பிச்சாங்க.

ஸ்கூட்டர் செய்ய வரவே இல்ல!

அவங்க முதல் திட்டம் பேட்டரி மட்டும்தான். ஏற்கெனவே ரோட்டுல ஓடுற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களுக்கு நல்ல லித்தியம் அயன் பேட்டரி செஞ்சு கொடுக்கலாம்னு நினைச்சாங்க. ஆனா, அன்னிக்கு இருந்த வண்டிகள்ல பலதும் லெட் ஆசிட் பேட்டரியில ஓடுனவை. வெயிட் அதிகம், சார்ஜ் ஏற ரொம்ப நேரம் ஆகும், வேகமோ 25 கிலோமீட்டரைச் சுத்தியே இருக்கும். அந்த வண்டியில எவ்வளவு நல்ல பேட்டரியைப் போட்டாலும் யாரும் விரும்பி வாங்க மாட்டாங்கன்னு புரிஞ்சதும், வண்டியையே புதுசா செய்யணும்னு முடிவு பண்ணாங்க.

அந்த 5 வருஷம் என்ன செஞ்சாங்க?

ஆப்ல ஒரு தப்பு இருந்தா, ராத்திரியே அப்டேட் விட்டுச் சரி பண்ணிடலாம். வண்டியில அது நடக்காது. பேட்டரிக்குள்ள நிறைய சின்னச் சின்ன செல்கள் இருக்கும். அதுல ஒண்ணு அளவுக்கு மீறிச் சூடானாலும் ஆபத்து. ஒவ்வொரு செல்லோட வோல்டேஜ், வெப்பம் எல்லாத்தையும் கவனிச்சு, தேவைப்பட்டா கரன்ட்டை நிறுத்துற மூளைதான் 'பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்'. நம்ம ஊர் மே மாச வெயிலுக்கும் மழைக்கும் குண்டும் குழியுமான ரோட்டுக்கும் அது தாங்கணும். செய்யணும், ஓட்டிப் பார்க்கணும், உடையணும், திரும்பச் செய்யணும்.

இதுக்குப் பணம்? 2014-ல ஃப்ளிப்கார்ட் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் 10 லட்சம் டாலர் முதலீடு செஞ்சாங்க. 2016-ல ஹீரோ மோட்டோகார்ப் ரூ.205 கோடி போட்டுச்சு. அதே வருஷம் முதல் மாடலை மேடையில காட்டுனாங்க. ஆனா, வண்டி விற்பனைக்கு வந்தது 2018-ல, பெங்களூர்ல! அப்புறம்தான் ஓசூர் தொழிற்சாலை. 2025 மே மாசம் நிறுவனம் பங்குச்சந்தைக்கும் வந்துடுச்சு.

'அப்போ செட்டில் ஆயிட்டாங்க'ன்னு நினைக்காதீங்க. 2023-24 நிதியாண்டுல மட்டும் ஏத்தரோட நஷ்டம் ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல. விற்பனை ஏறினாலும் லாபம் உடனே வந்துடாதுங்கறதையும் கணக்குல வெச்சுக்கங்க.

இது நிஜமாவே 'க்ளீன்' தானா?

நியாயமான கேள்வி. வண்டியில புகை வராது. ஆனா, நாட்டோட மின்சாரத்துல பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில இருந்துதான் வருது. முப்பந்தல் காற்றாலையும் வீட்டு மாடி சோலாரும் பெருகப் பெருகத்தான் அந்த ஸ்கூட்டர் முழுசா சுத்தமாகும். அதனால, இந்தத் துறையில வேலைன்னா வண்டி செய்யுறது மட்டும் இல்ல.

உங்களுக்கு என்ன இருக்கு?

* ஐடிஐ, டிப்ளமோ முடிச்சவங்களுக்கு பேட்டரி அசெம்ப்ளி, சார்ஜிங் ஸ்டேஷன் பராமரிப்பு, சோலார் பேனல் பொருத்துறதுன்னு பல வழிகள் இருக்கு.

* மாடி சோலாருக்கு 'பி.எம். சூர்ய கர்' திட்டத்துல ரூ.78,000 வரை மானியம் கிடைக்குது. அதைப் பொருத்தித் தர்ற ஆளுங்க ஒவ்வொரு ஊருக்கும் தேவை.

* சொந்தமா ஆரம்பிக்க ஆசையா? தமிழ்நாடு அரசோட 'ஸ்டார்ட்அப் டிஎன்' நடத்துற டான்சீட் திட்டத்தைத் தேடிப் பாருங்க. தொடக்க நிதி தர்றாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை வீட்டுல உட்கார்ந்து பேசிடுங்க: 'முதல் விற்பனை நடக்கவே சில வருஷம் ஆகலாம். அதுவரைக்கும் வீட்டுச் செலவை யார் பார்த்துக்கிறது?' ஐடியாவைவிட இதுக்குப் பதில் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். பதில் கிடைக்கலைன்னா அவசரப்பட்டு வேலையை விடாதீங்க. முதல்ல இதே துறையில ரெண்டு வருஷம் சம்பளத்துக்கு வேலை பாருங்க. தொழிலும் கைக்கு வரும், கொஞ்சம் சேமிப்பும் சேரும்.